படம் இருக்கிறது, பதிவேடு எங்கே? போட்டோ மென்பொருளை அப்கிரேடு செய்தபின் வரும் சிக்கல்கள்

வீட்டுக் கணினியில் புகைப்படங்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருள் எதுவாக இருந்தாலும் அதனிடம் இருப்பவை இரண்டு. ஒன்று, கேமராவிலிருந்தும் போனிலிருந்தும் வந்த படக் கோப்புகள். மற்றொன்று, அந்தப் படங்களைப் பற்றி மென்பொருள் எழுதி வைத்திருக்கும் விவரம்: எந்தப் படம் எந்த ஆல்பத்தில் இருக்கிறது, படத்தில் நிற்பவர் யார், எங்கே எடுத்தது, எந்தப் பக்கம் வெட்டிச் சீராக்கியது, அடியில் எழுதிய குறிப்பு என்ன என்பதெல்லாம். கணினித் துறையினர் தரவுத்தளம் என்று சொல்வது இதைத்தான். நூலகத்தில் புத்தகம் அலமாரியிலும் அதன் விவரம் பதிவேட்டிலும் இருப்பதைப் போன்ற ஏற்பாடு. புதிய பதிப்பை நிறுவும்போது மென்பொருள் பெரும்பாலும் அலமாரியைத் தொடுவதில்லை. பதிவேட்டைத்தான் புதிய முறைக்கு மாற்றி எழுதுகிறது. அப்கிரேடுக்குப் பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த மாற்றி எழுதும் வேலையில் பிறப்பவை. பத்து வருடப் படமும் போய்விட்டது என்று வீட்டில் கூக்குரல் எழும்போது, உண்மையில் காணாமல் போயிருப்பது பெரும்பாலும் படத்துக்கு வழிகாட்டும் வரிதான். அதைப் புரிந்துகொள்ளாமல் பதற்றத்தில் எதையாவது அழிக்கப்போய்ப் படத்தையே இழப்பவர்களும் உண்டு.

இதை விளக்க ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினிகள் நல்ல எடுத்துக்காட்டு. 2002 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோட்டோ என்ற மென்பொருளை அறிமுகம் செய்தார். கேமராவைக் கணினியில் செருகினால் படங்கள் உள்ளே வந்து வரிசையில் நின்றுவிடும். ஃபோல்டர், கோப்புப் பெயர் என்று எதையும் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பதே அதன் கவர்ச்சி. நாளடைவில், படங்கள் டிஸ்கில் எங்கே கிடக்கின்றன என்பதே பலருக்குத் தெரியாமல் போனது. 2007-இல் வந்த ஐபோட்டோ 08 இன்னும் ஒரு படி மேலே போய், படங்கள் இருந்த ஃபோல்டரை ஒற்றைக் கோப்புபோலத் தோன்றும் பொட்டலமாகக் கட்டிவிட்டது. உள்ளே ஆயிரக்கணக்கான கோப்புகள். வெளியே 'ஐபோட்டோ லைப்ரரி' என்ற ஒரே சின்னம். ஆர்வக்கோளாறில் உள்ளே புகுந்து கோப்புகளை இடம் மாற்றுவோரை இது தடுத்தது. அதே சமயம், ஏதாவது கோளாறு வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூடத் தெரியாத ஒரு தலைமுறையையும் உருவாக்கியது.

2009-இல் முகங்களை அடையாளம் காணும் வசதியும் இடங்களை வரைபடத்தில் காட்டும் வசதியும் வந்தன. இப்படி ஒவ்வொரு வசதி சேரும்போதும் பதிவேட்டில் புதிய பத்திகள் சேர்ந்தாக வேண்டும். அதனால்தான் புதிய பதிப்பை முதன்முறை திறந்ததும், லைப்ரரியை மேம்படுத்த வேண்டும் என்று ஒரு பெட்டி தோன்றி அனுமதி கேட்கும். அந்தப் பெட்டியில் 'சரி' என்று அழுத்துவது ஒருவழிப் பாதை. மாற்றி எழுதிய பதிவேட்டைப் பழைய பதிப்பால் படிக்க முடியாது. புதிய பதிப்பு பிடிக்கவில்லை என்று பழையதைத் திரும்ப நிறுவினாலும், பழைய லைப்ரரியின் நகல் தனியாக இருந்தால்தான் பயன்.

அந்த நகல் இல்லாதவர்களுக்கு 2010 அக்டோபர் ஒரு பாடம் நடத்தியது. அந்த மாதம் 20-ஆம் தேதி ஆப்பிள் ஐபோட்டோ 11-ஐ வெளியிட்டது. நிறுவியவர்களில் சிலர், மேம்படுத்தும் வேலை பாதியில் நின்று, லைப்ரரி காலியாகிவிட்டதாகக் கூறினார்கள். மாதம் முடிவதற்குள் 9.0.1 என்ற திருத்தம் வந்தது. முந்தைய பதிப்பின் லைப்ரரியை மேம்படுத்தும்போது மிக அரிதாகத் தரவு இழப்பு நேரக்கூடிய கோளாறைச் சரிசெய்திருப்பதாக அதன் குறிப்பில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. 'மிக அரிதாக' என்பது நிறுவனத்தின் கணக்கு. இழந்தவருக்கு அது முழு இழப்பு. வெளியான முதல் வாரத்திலேயே எந்தப் பெரிய பதிப்பையும் நிறுவாமல் ஒரு திருத்தம் வரும்வரை பொறுத்திருப்பது கோழைத்தனம் அல்ல என்பதற்கு இந்த ஒரு நிகழ்ச்சியே போதும்.

ஐபோட்டோ போய் போட்டோஸ் வந்தது

உண்மையான பெரிய மாற்றம் 2015-இல் நடந்தது. தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்காக 2005-இல் வெளியிட்ட அப்பர்ச்சர் என்ற மென்பொருளையும் ஐபோட்டோவையும் இனி வளர்க்கப்போவதில்லை என்று 2014 ஜூனில் ஆப்பிள் அறிவித்தது. 2015 ஏப்ரல் 8 அன்று, யோசெமிட்டி இயங்குதளத்தின் 10.10.3 பதிப்போடு போட்டோஸ் என்ற புதிய மென்பொருள் வந்து இறங்கியது. இதைப் பலர் தேடிப்போய் நிறுவவில்லை. இயங்குதளத்துக்கான சாதாரண அப்டேட் என்று நினைத்து நிறுவியவர்கள், மறுநாள் திரையின் ஓரத்தில் மென்பொருள் சின்னங்கள் நிற்கும் டாக்கில் புதிதாக ஒரு சின்னம் இருப்பதைக் கண்டார்கள். அழுத்தினார்கள். பழைய லைப்ரரி புதிய வடிவத்துக்கு மாறத் தொடங்கிவிட்டது.

நல்லவேளையாக, இந்த முறை ஆப்பிள் பழைய லைப்ரரியைத் திருத்தி எழுதவில்லை. பக்கத்திலேயே புதிதாக ஒன்றைக் கட்டியது. பழையது ஐபோட்டோவில் வழக்கம்போலத் திறக்கும். ஆனால் அந்த நாளோடு இரண்டின் பாதையும் பிரிந்துவிட்டது. மாற்றிய பிறகு ஐபோட்டோவில் சேர்த்த படமோ எழுதிய குறிப்போ போட்டோஸில் தெரியாது. போட்டோஸில் செய்தது ஐபோட்டோவில் தெரியாது. இதை அறியாமல் சில மாதங்கள் இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்தியவர்களிடம், இரண்டுமே முழுமையில்லாத இரண்டு தொகுப்புகள் எஞ்சின.

இன்னொரு குழப்பம் இடத்தைப் பற்றியது. 200 ஜிபி லைப்ரரி வைத்திருந்தவர் மாற்றத்துக்குப் பிறகு பார்த்தால், பழையதும் 200 ஜிபி, புதியதும் ஏறக்குறைய 200 ஜிபி என்று காட்டும். டிஸ்கில் அவ்வளவு காலியிடம் இருந்ததே இல்லையே, எப்படி நுழைந்தது? விடை, ஹார்டு லிங்க் என்ற பழைய யுனிக்ஸ் உத்தி. டிஸ்கில் கோப்பின் உள்ளடக்கம் ஓரிடத்தில் இருக்கும். அதன் பெயர் வேறோர் இடத்தில், கோப்புப் பட்டியலில் இருக்கும். ஒரே உள்ளடக்கத்துக்கு இரண்டு பெயர்களைப் பட்டியலில் எழுதிக்கொள்ள முடியும். போட்டோஸ் அதைத்தான் செய்தது: படங்களை நகலெடுக்காமல், இருந்த உள்ளடக்கத்துக்கே தன் லைப்ரரியில் இரண்டாவது பெயரை வைத்தது. இடம் மிச்சம் பிடிக்கலாம் என்று பழைய லைப்ரரியை அழித்தவர்களுக்கு அதனால்தான் ஏமாற்றம். ஒரு பெயர் போகும், மற்றப் பெயர் இருக்கும்வரை உள்ளடக்கம் அசையாது, காலியிடம் கூடாது. படத்துக்கும் ஆபத்தில்லை. இந்த இரட்டைப் பெயர் ஒரே டிஸ்கின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். இரண்டு லைப்ரரிகளையும் வேறொரு வெளி டிஸ்குக்கு இழுத்துப் போட்டால் அங்கே நிஜமாகவே 400 ஜிபி ஆகிவிடக்கூடும்.

பதிவேட்டில் என்ன மாறியது என்பதில்தான் பயன்படுத்துவோரின் கோபம் அதிகம். ஐபோட்டோவில் ஒரு நாள் கல்யாணம், ஒரு வாரச் சுற்றுலா என்று படங்களை 'ஈவென்ட்' கணக்கில் அடுக்கி வைத்திருந்தார்கள். போட்டோஸில் ஈவென்ட் என்ற கருத்தே இல்லை. பழையவை எல்லாம் 'ஐபோட்டோ ஈவென்ட்ஸ்' என்ற ஒரே ஃபோல்டருக்குள் சாதாரண ஆல்பங்களாகப் போய் உட்கார்ந்தன. ஐந்து நட்சத்திரம், மூன்று நட்சத்திரம் என்று கொடுத்திருந்த மதிப்பெண்கள், தேடுவதற்கான குறிச்சொற்களாக மாறின. கொடி நாட்டி வைத்த படங்களுக்கும் அதே கதி. தகவல் அழியவில்லை, ஆனால் ஒரே சொடுக்கில் தெரிந்தது இப்போது தேடினால்தான் கிடைக்கும். அப்பர்ச்சரில் சொந்தமாக உருவாக்கிய விவரப் பத்திகள் வரவேயில்லை. செய்திருந்த திருத்தங்கள் படத்தில் அப்படியே தெரிந்தன. ஆனால் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கலாம் என்று போனால், தனித்தனி அமைப்புகள் பெரும்பாலும் கிடைக்கவில்லை. ஒன்று திருத்திய நிலையில் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் முழுக்க அழித்து மூலப் படத்திலிருந்து தொடங்க வேண்டும். முதல் பதிப்பில் படத்துக்கு இடத்தைக் குறிக்கும் வசதிகூட இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் எல் கேப்பிட்டன் இயங்குதளம் வந்த பிறகுதான் அது திரும்பியது.

பதிமூன்று ஆண்டுகள் ஒரு மென்பொருளை நம்பிப் படங்களுக்கு ஒழுங்கு செய்தவர்களின் உழைப்பை இன்னும் கொஞ்சம் மரியாதையோடு இடம் மாற்றியிருக்கலாம் என்ற குறை நியாயமானது.

2016-இல் சியரா இயங்குதளம் வந்தபோது முகங்களின் பகுதி அடியோடு மாறி 'பீப்பிள்' என்ற பெயரில் வந்தது. முகங்களைத் தேடும் வேலையை ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகச் செய்தது. மேக்கில் பாட்டிக்குக் கொடுத்த பெயர் ஐபோனில் தெரியவில்லை. அடுத்த ஆண்டு ஹை சியராவில்தான் இரண்டும் ஒத்துப்போகத் தொடங்கின.

2019 அக்டோபரில் வந்த கேட்டலினா இயங்குதளம் கடைசிக் கதவை அடைத்தது. ஐபோட்டோவும் அப்பர்ச்சரும் அதில் இயங்கவே இயங்காது. பழைய குவிக்டைம் 7-இன் அடித்தளத்தையும் ஆப்பிள் அப்போது நீக்கியதால், சோரன்சன், சினிபாக் போன்ற பழைய முறைகளில் பதிவான வீடியோத் துண்டுகள் லைப்ரரியில் இருந்தும் ஓடாமல் போயின. அவை கெட்டுப்போகவில்லை, விஎல்சி போன்ற இலவச மென்பொருளில் இன்றும் ஓடும்.

கேட்டலினாவில் நடந்த இன்னொரு மாற்றம் வெளியே தெரியாதது, ஆனால் முக்கியமானது. அதுவரை லைப்ரரிப் பொட்டலத்துக்குள் மூலப் படங்கள் 'மாஸ்டர்ஸ்' என்ற ஃபோல்டரில் சேர்த்த ஆண்டு, மாதம், நாள் என்று பிரிந்து, கேமரா கொடுத்த பெயரோடு இருந்தன. பதிவேடு முழுவதும் பாழானாலும் உள்ளே போய்ப் பார்த்தால் 2008 மே மாதம் சேர்த்த படங்களை அடையாளம் காணலாம். புதிய அமைப்பில் 'ஒரிஜினல்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையுமாகப் பதினாறு உட்ஃபோல்டர்கள். படங்களின் பெயர் நீண்ட எண்ணெழுத்துச் சரம். படத்தின் உண்மையான பெயர் என்ன என்பதுகூட இப்போது பதிவேட்டில்தான் இருக்கிறது. அலமாரிக்கும் பதிவேட்டுக்கும் இடையிலான சார்பு முன்னைவிட இறுகிவிட்டது.

அப்கிரேடு செய்த மறுநாள்

முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் வெற்றுச் சதுரங்கள். திரையில் வரிசையாகத் தெரியும் சிறு படங்கள் உண்மையான படங்கள் அல்ல. விரைவாகக் காட்டுவதற்காக மென்பொருள் செய்து வைத்திருக்கும் சிறு பிரதிகள். புதிய பதிப்பு அவற்றை மறுபடி செய்ய வேண்டியிருந்தால், வேலை முடியும்வரை சாம்பல் கட்டங்கள்தான் தெரியும். அப்படி ஒரு கட்டத்தை இருமுறை சொடுக்கும்போது படம் முழுதாகத் திறந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. திறக்காமல் முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி தோன்றினால், பதிவேட்டில் வரி இருக்கிறது, அது சுட்டும் இடத்தில் கோப்பு இல்லை என்று பொருள். படங்களை லைப்ரரிக்குள் சேர்க்காமல் வெளி டிஸ்கில் வைத்து, பதிவேடு மட்டும் கணினியில் இருக்கும்படி அமைத்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும். டிஸ்கைச் செருக மறந்திருக்கலாம். டிஸ்கின் பெயர் மாறியிருக்கலாம். பழைய பெயரையே திரும்ப வைத்ததும் எல்லாம் சரியானவர்கள் பலர்.

அடுத்த புகார், கணினி சூடாகிறது, விசிறி ஓயாமல் இரைகிறது, எல்லாமே மெதுவாக நகர்கிறது என்பது. மேக்கில் எந்த வேலை இயந்திரத்தை உறிஞ்சுகிறது என்று பார்த்தால் 'போட்டோஅனாலிசிஸ்டி' என்ற பெயர் பட்டியலின் உச்சியில் நிற்கும். இது வைரஸ் அல்ல. புதிய பதிப்பு ஒவ்வொரு படத்தையும் மறுபடி பார்த்து, முகம் எது, கடற்கரை எது, நாய் எது என்று பிரிக்கும் பின்னணி வேலை. கணினியைப் பயன்படுத்தாத நேரத்தில், மின்சாரத்தில் செருகியிருக்கும்போது அது நடக்கும். பல்லாயிரம் படங்கள் உள்ள லைப்ரரிக்கு நாட்கணக்கில் ஆகலாம். இரவில் கணினியை அணைக்காமல், போட்டோஸை மூடிவிட்டுச் செருகிய நிலையில் விட்டுவைப்பதே மருந்து. நடுவில் வலுக்கட்டாயமாக நிறுத்தினால் பிறகு தொடருமே தவிர, விட்டு ஒழியாது.

இரட்டைப் படங்கள் வேறு வகை. இது பெரும்பாலும் மென்பொருளின் பிழை அல்ல, மீட்பு முயற்சியின் விளைவு. லைப்ரரி திறக்கவில்லை என்றதும் யாராவது, பொட்டலத்தைப் பிரித்து உள்ளே இருப்பதையெல்லாம் புதிய லைப்ரரிக்குள் இழுத்துப் போடச் சொல்வார்கள். உள்ளே மூலப் படம், திருத்திய பிரதி, திரைக்கான சிறு பிரதி எல்லாம் தனித்தனி ஃபோல்டர்களில் இருக்கின்றன. மொத்தமாக இழுத்தால் ஒரே காட்சி மூன்று முறை வரும்; அதில் ஒன்று தபால்தலை அளவு. எது பெரியது என்று கண்ணால் பார்த்து அழிக்கத் தொடங்கினால், ஏதாவது ஒரு கட்டத்தில் மூலப் படம் குப்பைத்தொட்டிக்குப் போவது நிச்சயம். கட்டாயம் கையால்தான் மீட்க வேண்டும் என்றால் மூலப் படங்கள் உள்ள 'மாஸ்டர்ஸ்' அல்லது 'ஒரிஜினல்ஸ்' ஃபோல்டரின் நகலை மட்டும் எடுப்பதே சரி. 2022-இல் வந்த வென்ச்சுரா இயங்குதளம் முதல் போட்டோஸே இரட்டைகளைக் கண்டுபிடித்துத் தனி ஆல்பத்தில் காட்டுகிறது. அதன் வழியே ஒன்றாக இணைப்பது கையால் அழிப்பதைவிடப் பாதுகாப்பானது.

தேதி புரள்வதற்குக் காரணம் இன்னும் பழையது. கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதும் எக்ஸிஃப் என்ற குறிப்பில் எடுத்த நாளும் நேரமும் இருக்கும். ஆனால் அது எந்த நாட்டு நேரம் என்று குறிக்க நெடுங்காலம் இடமே இல்லை. 2016-இல் வெளியான 2.31 பதிப்பில்தான் நேர வலயத்துக்கு இடம் வந்தது. அதற்கு முந்தைய படங்களுக்கு ஒவ்வொரு மென்பொருளும் தானே ஊகித்துக்கொள்கிறது. பழையது உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொண்டதைப் புதியது கிரீன்விச் நேரம் என்று எடுத்துக்கொண்டால், இந்தியாவில் எடுத்த படங்களில் ஐந்தரை மணி நேரம் கூடும். மாலை ஏழு மணி வரவேற்பு நள்ளிரவைத் தாண்டி மறுநாள் கணக்கில் போய்ச் சேரும். எல்லாப் படத்திலும் ஒரே அளவு வித்தியாசம் இருந்தால் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே முறையில் திருத்திவிடலாம். ஸ்கேன் செய்த பழைய படங்களின் நிலை மோசம். 1978-இல் எடுத்த தாத்தா பாட்டி கல்யாணப் படத்தை 2009-இல் ஸ்கேன் செய்திருந்தால் கோப்புக்குத் தெரிந்தது 2009 மட்டுமே. 1978 என்று கையால் திருத்திய தேதி, மூலக் கோப்பையும் மாற்றச் சொல்லித் தனியாகக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, பதிவேட்டிலேயே நின்றுவிடும். பதிவேட்டை விட்டுப் படத்தை மட்டும் வெளியே எடுத்தால் தாத்தா பாட்டி கல்யாணம் 2009-க்குத் திரும்பிவிடும்.

தமிழில் ஃபோல்டருக்குப் பெயர் வைப்பவர்களுக்கு நேரும் ஒரு சங்கடமும் உண்டு. யூனிகோடில் 'கோ' என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம்: க-வுடன் ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேக்கின் பழைய கோப்பு முறை பெயர்களை எப்போதும் பிரித்தே எழுதி வைத்தது. விண்டோஸில் பொதுவாகச் சேர்ந்த வடிவம் தட்டச்சாகிறது. பழைய மேக் டிஸ்கிலிருந்து 'கோயில்', 'பொங்கல்' என்ற ஃபோல்டர்களை வேறு கணினிக்கு மாற்றினால், அங்கே ஏற்கெனவே இருக்கும் அதே பெயருள்ள ஃபோல்டரோடு சேராமல் இரண்டு 'பொங்கல்' நிற்கக் காரணம் இதுதான். ஒகர, ஓகார, ஔகார எழுத்து இல்லாத பெயருக்கு இந்தத் தொல்லை இல்லை.

மேகத்தில் பாதி, வீட்டில் பாதி

போட்டோஸோடு இணைந்து இயங்கும் ஐக்ளவுட் என்ற ஆப்பிளின் இணையவழிச் சேமிப்பு, அப்கிரேடு பிரச்சினைகளுக்குப் புதிய பரிமாணத்தைக் கொடுத்தது. இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. குடும்பத்தின் பத்தாண்டுப் படங்களுக்கு அது எந்த மூலைக்கும் போதாது. பணம் கட்டாவிட்டால் படங்கள் அங்கே ஏறுவது பாதியில் நின்றுவிடும். பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கணினியில் இடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், முழு அளவுப் படங்கள் ஆப்பிளின் சேமிப்பகத்தில் இருக்கும். வீட்டு டிஸ்க் நிறையத் தொடங்கினால் அங்கே சிறு பிரதிகள்தான் மிஞ்சும். அந்த நிலையில் எடுக்கும் பேக்கப்பில் முழுப் படங்கள் இருக்காது. மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷினில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பியவர், அதிலிருந்து மீட்கும் நாளில்தான் இதை அறிவார். மேலும் ஐக்ளவுட் பேக்கப் அல்ல, ஒத்திசைவு. மேக்கில் அழித்தால் போனிலும் அழியும், மேகத்திலும் அழியும். 'சமீபத்தில் அழித்தவை' பகுதியில் 30 நாள் தங்கியிருப்பது ஒன்றே ஆறுதல்.

மற்ற மென்பொருள்களில் எப்படி

விண்டோஸில் பல வீடுகளில் இருந்த பிக்காசா, படங்களை எந்தப் பொட்டலத்திலும் கட்டவில்லை. கூகுள் 2004-இல் வாங்கி இலவசமாகக் கொடுத்த அந்த மென்பொருள், படங்களை இருந்த ஃபோல்டரிலேயே விட்டு, திருத்தங்களை அதே ஃபோல்டரில் மறைந்திருக்கும் ஒரு சிறு குறிப்புக் கோப்பில் எழுதியது. 2016 மார்ச்சில் கூகுள் அதைக் கைவிட்டபோது ஒரு படமும் தொலையவில்லை. ஆனால் வேறு மென்பொருளுக்கு மாறியவர்களுக்கு, வெட்டிய ஓரங்கள் திரும்பி வந்தன. சரிசெய்த சிவப்புக் கண் மறுபடி சிவந்தது. 'சேமி' பொத்தானை அழுத்தாத திருத்தங்கள் எல்லாம் அந்தக் குறிப்புக் கோப்பில்தான் இருந்தன. அதைப் படிக்க மற்றவற்றுக்குத் தெரியவில்லை.

அடோபியின் லைட்ரூம் இந்த விஷயத்தில் மற்றவற்றைவிடக் கண்ணியமாக நடக்கிறது. கேட்டலாக் என்று அது சொல்லும் பதிவேட்டைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது பழையதைத் தொடாமல், பெயரில் சிறு மாற்றத்தோடு புதியதாக எழுதுகிறது. அங்கே சிக்கல் வேறு விதமாக வந்தது. 2015 அக்டோபரில் 6.2 பதிப்பில் படங்களை உள்ளே சேர்க்கும் திரையை எளிமையாக்குகிறோம் என்று பழகிய பல வசதிகளை நீக்கினார்கள். மென்பொருளும் அடிக்கடி நின்றுபோனது. எதிர்ப்பைக் கண்டு அடோபி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுப் பழைய திரையையே திரும்பக் கொண்டுவந்தது.

போட்டோ மென்பொருளே இல்லாதவர்களும் தப்பவில்லை. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-இன் அரையாண்டு அப்டேட் சிலருடைய 'டாக்குமென்ட்ஸ்', 'பிக்சர்ஸ்' ஃபோல்டர்களில் இருந்த கோப்புகளை நீக்கிவிட்டது. இந்த ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்திலும் சில கோப்புகளை விட்டுவைத்திருந்தவர்களே பெரும்பாலும் பாதிக்கப்பட்டார்கள். காலியானதென்று கருதி அப்டேட் பழைய ஃபோல்டரை அழித்தது. மைக்ரோசாஃப்ட் சில நாட்களில் வெளியீட்டை நிறுத்தி, நவம்பர் 13 அன்றுதான் மறுபடி விட்டது.

முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

அப்கிரேடுக்கு முன் செய்ய வேண்டிய வேலையில் மிக முக்கியமானது ஒன்றே: மென்பொருளை மூடிவிட்டு, லைப்ரரிப் பொட்டலத்தை முழுவதுமாக வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுத்து, அந்த டிஸ்கைக் கழற்றி வைப்பது. டைம் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று இதைத் தவிர்க்கக் கூடாது. வெளி டிஸ்கில் இருக்கும் லைப்ரரியை அது பல சமயம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. நகலை ஒருமுறை பழைய பதிப்பிலேயே திறந்து சோதித்துவிட்டால் இன்னும் நல்லது. வெளி டிஸ்க் மேக்குக்கு உரிய முறையில் வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். விண்டோஸுக்கும் மேக்குக்கும் பொதுவான எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்த டிஸ்கில் போட்டோஸ் லைப்ரரியைத் திறக்கக் கூடாது. ஐக்ளவுட் பயன்படுத்துபவர்கள் முழு மூலப் படங்களையும் கணினிக்கு இறக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, இறங்கி முடிந்தபின் நகலெடுக்க வேண்டும். டிஸ்கில் தாராளமாகக் காலியிடம் இருக்கட்டும். மாற்றி எழுதும் வேலை பாதியில் இடம் இல்லாமல் நிற்பதைவிட மோசமானது எதுவும் இல்லை. லேப்டாப்பாக இருந்தால் செருகி வைப்பதும், மின்வெட்டு வரக்கூடிய ஊரில் மேசைக் கணினியை யுபிஎஸ்ஸில் இணைப்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

அப்கிரேடு முடிந்ததும் முதலில் மொத்தப் படங்களின் எண்ணிக்கையைப் பழையதோடு ஒப்பிட வேண்டும். பிறகு மிகப் பழைய படம் ஒன்று, திருத்தம் செய்த படம் ஒன்று, வீடியோ ஒன்று, ஸ்கேன் செய்த படம் ஒன்று என்று வகைக்கு ஒன்றாகத் திறந்து பார்த்தால் போதும். கோளாறு தெரிந்தால் மென்பொருளை மூடிவிட்டு, ஆப்ஷன், கமாண்ட் என்ற இரண்டு விசைகளையும் அழுத்தியபடியே போட்டோஸைத் திறக்கலாம். பழுதுபார்க்கவா என்று கேட்கும் பெட்டி வரும். பெரிய லைப்ரரிக்கு நேரம் பிடிக்கும். ஆனால் பதிவேட்டையும் கோப்புகளையும் அது ஒப்பிட்டுச் சரிசெய்யும். ஐபோட்டோவிலும் இதே விசைகளுக்குச் சிறு படங்களை மறுபடி செய்வது, அனுமதிகளைச் சரிபார்ப்பது, பதிவேட்டைப் புதிதாக எழுதுவது என்று சில வழிகள் இருந்தன. எளியதிலிருந்து கடினமானதற்குப் போக வேண்டும், எடுத்ததுமே கடைசி வழியில் இறங்கக் கூடாது. எதைச் செய்வதானாலும் நகலின் மீது செய்வது புத்திசாலித்தனம்.

இன்றும் பழைய மேக்கிலோ டிராயரில் கிடக்கும் டிஸ்கிலோ மாற்றப்படாத ஐபோட்டோ லைப்ரரி வைத்திருப்பவர்கள், அதை நேரடியாகப் புத்தம்புதிய கணினியில் திறக்க முயல வேண்டாம். மொஹாவே அல்லது அதற்கு முந்தைய இயங்குதளம் உள்ள ஒரு மேக்கில் நகலைத் திறந்து போட்டோஸுக்கு மாற்றி, பிறகு அந்தப் புதிய லைப்ரரியைப் புதிய கணினிக்குக் கொண்டுபோவதே சிக்கலற்ற வழி. ஐபோட்டோ 08-இலும் அதற்கு முந்தைய பதிப்புகளிலும் உருவான லைப்ரரிகளுக்கு அதற்கும் முன்னால் இன்னொரு படி இருந்தது. ஆப்பிள் அதற்கென்றே ஐபோட்டோ லைப்ரரி அப்கிரேடர் என்ற சிறு கருவியைக் கொடுத்திருந்தது. பழைய மேக் எதுவுமே கிடைக்காதவர்கள் பொட்டலத்தைப் பிரித்து மூலப் படங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆல்பங்களும் பெயர்களும் போகும், படங்கள் வரும்.